விரலால் சொன்ன கணக்கு

நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது உடற்கல்வி இயக்குநராக இருக்கும் தம்பி போன மாதம் போன் செய்தார். கல்லூரி அணியில் விளையாடிக்கொண்டே படிப்பிலும் முதல் வகுப்பு வாங்குகிற மாணவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் கேடயத்தை நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் கம்ப்யூட்டரே மதிப்பெண்களைப் பார்த்து, தகுதியுள்ள எல்லோருக்கும் சான்றிதழ் அடித்துக் கொடுத்துவிடும். அலுவலக ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"நல்லதுதானுங்களே சார், ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க" என்றார். நல்லதுதான். கேடயத்தின் கதையைக் கல்லூரி மலருக்கு எழுதித் தரும்படியும் கேட்டார். எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவேண்டுமா என்றெல்லாம் நான் விசாரித்ததில் அவர் சற்று களைத்துப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

என்னுடைய பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டம் முடித்து உடற்கல்விக் கல்லூரியில் ஒரு வருடம் இருந்தேன். காலையில் ஓடினோம், மாலையிலும் ஓடினோம், நடுவில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். மைதானத்தில் மூன்று பக்கம் கல் சுவர், நாலாவது பக்கம் காபித் தோட்டத்துக்குள் இறங்கும் சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான். அதனால் விளையாட்டு தொடங்கும்போது பந்துகளை எண்ணுவேன், பாதியில் எண்ணுவேன், முடிந்ததும் எண்ணுவேன். மூடுபனி இறங்கிவிட்டால் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுவேன். "சார், நான் நின்னுட்டுதானுங்க இருக்கறேன், ரெண்டு தரம் எண்ணிட்டீங்க" என்று பனிக்குள்ளிருந்து குரல் வரும்.

கேடயம் ஒரு ஆசிரியர் கூட்டத்தில் பிறந்தது. விளையாட்டு மாணவர்களின் வருகைப்பதிவு பற்றிப் பேச்சு வந்தபோது, கணிதத் துறைத் தலைவர், "பந்து பொறுக்கற பசங்களுக்கு அட்டெண்டன்ஸ் எதுக்குங்க, அவங்க என்ன பாஸா பண்ணப்போறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதல்வர் ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "யாராவது நல்லா படிக்கறவங்க உங்க டீம்ல இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இருக்கிறார்களா என்று அன்று மாலை மதிப்பெண்களைத் தேடிப் பார்த்தேன். ஒருவன் இருந்தான். எனக்குத் தெரியாமலேயே இருந்தான். அவன் எப்படிப் பந்தடிக்கிறான் என்பது தெரியும். என்ன படிக்கிறான் என்று நானும் கேட்டதில்லை.

அந்த ஆண்டே விதி எழுதினோம். கல்லூரி அணியில் ஆடியிருக்க வேண்டும். முதல் வகுப்பு வாங்கியிருக்க வேண்டும். அப்படிப் பலர் இருந்தால் அதிக மதிப்பெண் பெற்றவருக்குக் கேடயம். ஆகஸ்டில் நடக்கும் கல்லூரி நாளில் கொடுப்போம். பெயரை மண்டபத்து மரப்பலகையில் பெயின்டர் எழுதுவார். தகுதியான ஆள் இல்லாத ஆண்டில் பெயருக்குப் பதில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடுகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவை. கோடு விழக்கூடாது என்பதற்காகவே வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும்போது படிப்பு நேரம் ஒன்று வைத்தேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கினாலும் மாலையில் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கவேண்டும். மற்றக் கல்லூரி அணிகள் ஜன்னலில் நின்று, "டியூஷன் டீம் வந்துருச்சுடோய்" என்று கத்தும்.

ஃபாதரைப் பற்றிச் சொல்லவேண்டும். யார் எந்தப் பிரச்சினையோடு போனாலும் அவர் வந்தவரை உட்காரவைத்துவிட்டு, தான் எழுந்து ஜன்னலருகே நிற்பார். முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்பார். முதல் தடவை சொன்னதற்கும் இரண்டாம் தடவை சொல்வதற்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ, அந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பார். உண்மை பேசுகிறவனுக்கே அதில் வியர்க்கும். நான் அவரிடம் போகும் முன் படியில் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் பெண்கள் வாலிபால் அணிக்குப் பூங்கொடி தலைவி. மாரமங்கலத்துப் பெண். சாமையும் காபியும் மிளகும் போடுகிற மலைக்குடும்பம். அவள் தகப்பனார் அண்ணாமலை ஒரு தடவை கல்லூரிக்கு வந்து, மைதானத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "படிப்பு வந்துச்சுன்னா மேல வாத்திச்சி படிப்புக்கு அனுப்பறனுங்க. வரலைன்னா தையில கல்யாணம். இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லீங்க" என்றார். பூங்கொடிக்கும் அது தெரியும். கணிதத்தில் அவள்தான் வகுப்பில் முதல். பந்து பொறுக்குகிறவர்களைப் பற்றிச் சொன்ன அந்தத் துறைத் தலைவரே அவளுடைய விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி ஆண்டு, பல்கலைக்கழகத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, கீழே சேலத்தில் நடந்த இறுதியாட்டத்தில் பந்தைத் தடுக்கப் போய் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு பஸ்ஸில் மேலே வந்தோம். வழியெல்லாம் அவள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசி வளைவு தாண்டியதும், "சார், பரீட்சை எழுத முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எழுத வழி இருந்தது. சொல்வதை எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்கவேண்டும், வேறு பாடம் படிப்பவராகவும் இருக்கவேண்டும். தனி அறை, தனிக் கண்காணிப்பாளர், கொஞ்சம் கூடுதல் நேரம். விண்ணப்பத்தை நானே எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் முத்திரை வாங்கி வந்தேன். எழுத ஆள் யார் என்றதும், "நான் எழுதறனுங்க சார்" என்று ஸ்டெல்லா வந்தாள். முதலாண்டு வரலாறு. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகள். எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். பூங்கொடி பாய்ந்து அடிக்கிறவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய்தான் ஓயாது.

விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்கு நடுவில் ஒத்திகை நடந்தது. முதல் நாளே சிக்கல். பூங்கொடி, "எக்ஸ் பவர் டூ என் ப்ளஸ் ஒன்" என்று சொன்னால், அந்த ஒன்று மேலே சிறிய எழுத்தில் ஏறவேண்டுமா, கீழே வரியில் நிற்கவேண்டுமா என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. கணிதம் படித்தவளாக இருந்தால் ஊகித்துக்கொள்வாள். கணிதம் படிக்காதவள்தான் எழுதவேண்டும் என்பது விதி.

"ஏக்கா, இது ஏணியில ஏறுதா, தரையில நிக்குதா? சொல்லித் தொலையேன்."

"ஏறுதுடி. எல்லாமே ஏறுது."

"எல்லாமேன்னா? எங்க வரைக்கும்?"

ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதினார்கள். இப்படிப் போனால் பாதிக் கேள்விகூட முடியாது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். மறுநாள் போனபோது பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்கொடி வாயால் சொல்லிக்கொண்டே இடது கையால் சைகை காட்டினாள். ஒரு விரல் மேலே என்றால் அடுக்கு ஏறுகிறது, கீழே என்றால் இறங்குகிறது. கையை மூடினால் அடைப்புக்குறி தொடங்குகிறது, விரித்தால் முடிகிறது. இது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. எங்கள் மைதானத்தில் பனி இறங்கினால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியாது. அதனால் எந்த மாதிரிப் பந்து வேண்டும் என்பதை விரலால் காட்டப் பழக்கியிருந்தேன். மூன்று வருடம் பழகிய கை, பரீட்சைக்கும் அதையே செய்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைப் பார்க்கிற வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் தாள் நடந்துகொண்டிருந்தபோது பறக்கும் படை வந்தது. வந்த அதிகாரி சமவெளிக் கல்லூரி ஒன்றின் கணிதப் பேராசிரியர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் ஏறியதில் முகம் வெளுத்து, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கினார். தனி அறையின் கதவைத் திறந்தால், ஒரு பெண் விரலைத் தூக்குகிறாள், கையை மூடுகிறாள், எதிரே இருப்பவள் தலையாட்டுகிறாள். பழம் அவர் கையிலிருந்து நழுவி, வராந்தாவில் நின்ற என் காலடிக்கு உருண்டு வந்தது.

எழுதி முடிக்க விட்டார். முடிந்ததும் இருவரையும் என்னையும் ஃபாதர் அறைக்கு அழைத்துப் போனார். "வாய்மொழியாகச் சொல்லவேண்டும் என்றுதான் விதி. இது சைகை மூலம் நடந்த முறைகேடு" என்றார். அறிக்கையின் மேல் பாதி ஏற்கெனவே எழுதியாகியிருந்தது. முறைகேடு உறுதியானால் அந்தத் தாள் மட்டுமல்ல, அந்த ஆண்டுத் தேர்வே ரத்தாகும். சில வருடம் எழுதவிடாமல் தடுக்கவும் செய்வார்கள். தை மாதம் நடந்து வருவதை நான் பார்த்தேன். பூங்கொடி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஃபாதர் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார். "சொல்லுங்க" என்றார் என்னிடம். சொன்னேன். "இன்னொருக்கா சொல்லுங்க." சொன்னேன். பனி, பந்து, விரல், சாமான் அறை, ஏணி. வித்தியாசம் வரவில்லை என்று நினைக்கிறேன், அவர் திரும்பவில்லை.

பிறகு அதிகாரியிடம் வந்து மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, அந்தப் பொண்ணு காட்டினது இவ எழுதறதுக்கு. இவ கிட்டயிருந்து அங்க ஏதாவது போச்சுங்களா?"

"தலையாட்டினாளே."

"சரிங்க. நீங்களே ஒரு கணக்கு எழுதுங்க. இவங்க புத்தகத்துல இல்லாததா எழுதுங்க. பூங்கொடிகிட்ட மட்டும் காட்டுங்க."

அதிகாரி யோசித்தார். பிறகு ஒரு தாளில் நீளமாக, அடுக்குக்குள் அடுக்கு, அடைப்புக்குள் அடைப்பு என்று ஒன்றை எழுதினார். எழுதும்போதே முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. பூங்கொடி அதைப் பார்த்து, வாயும் விரலுமாகச் சொன்னாள். ஸ்டெல்லா எழுதினாள். அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"இது என்னன்னு தெரியுமாம்மா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"தெரியாதுங்க சார். அக்கா எங்க போடச் சொல்லுதோ அங்க போடறது. பந்தும் அப்படித்தானுங்க."

அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைத் தேடினார். நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "நம்பர் போட்ட அறிக்கைத் தாள். கிழிக்க என்னால முடியாது. இங்க பார்த்ததைக் கீழே குறிப்பா எழுதறேன். முடிவு பல்கலைக்கழகம் எடுக்கட்டும். ஆனா மீதித் தாள்ல விரல் அசையக்கூடாது. அந்தக் கை மேசைக்கு அடியிலே இருக்கணும்."

வெளியே வந்ததும் பூங்கொடி முதல் தடவையாக அழுதாள். "கை இல்லாம எப்படிங்க சார் சொல்றது?" ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம் சொன்னால் நேரம் போதாது. நான் மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்து இன்னும் பயந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா, "அக்கா, சேலத்து பஸ்ஸுல வர்ற மாதிரி சொல்லேன்" என்றாள். அதுவே ஆனது. அடுக்குக்குப் போனால் "ஏறுது". திரும்ப வரிக்கு வந்தால் "இறங்குது". அடைப்புக்குறி "வளைவு". முடிந்தால் "வளைவு தாண்டியாச்சு". அன்று மாலை சாமான் அறையில் அவள் இடது கையை ஒரு பழைய வலையில் சுற்றி வைத்துக்கொண்டு பழகினாள்.

அடுத்த தாளுக்கும் அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்தார். நான் வராந்தாவில் நின்று உள்ளே வரும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "எக்ஸ், ஏறுது, வளைவு, டூ என் ப்ளஸ் ஒன், வளைவு தாண்டியாச்சு, இறங்குது..." சற்று நேரத்தில் அவர் வெளியே வந்து என் அருகில் நின்றார்.

"இது எந்த ஊர்க் கணக்குங்க?"

"வாய்மொழிதானுங்களே சார்" என்றேன்.

"வாய்மொழிதான். கேட்டா எனக்குத்தான் மறுபடி வாந்தி வருது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஜூனில் முடிவுகள் பத்திரிகையில் வந்தன. பூங்கொடியின் எண் இல்லை. தோல்வியா, நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று பத்திரிகையில் தெரியாது. நான் கீழே போய் விசாரித்தேன். நிறுத்திவைத்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மாரமங்கலத்தில் எண் இல்லை என்றால் இல்லைதான். அண்ணாமலை வந்து மகளின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. நொம்பப் பாடுபட்டீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் ஆகஸ்ட் முடிவில். கல்லூரி நாள் அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஆண்டு முதல் வகுப்பு வாங்கிய வேறு விளையாட்டு மாணவர் கிடையாது. கேடயம் மேசைமேல் இருந்தது; கொடுக்க ஆள் இல்லை. "வழக்கம்போல கோடு போட்டுறலாமுங்களா ஃபாதர்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கணிதத் துறைத் தலைவர் எழுந்து நின்று, "கோடு போடறதுன்னா என்னைக் கேட்டுட்டுப் போடுங்க" என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபாதர், "பெயின்டரை வரச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். விழா முடிந்தது. பலகையில் அந்த ஆண்டின் எண் மட்டும் நின்றது, பக்கத்தில் பெயரும் இல்லாமல் கோடும் இல்லாமல். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் ஃபாதர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்திருந்தது. அதிகாரியின் குறிப்பை ஏற்று முறைகேடு இல்லை என்று முடித்திருந்தார்கள். பூங்கொடி முதல் வகுப்பு. விண்ணப்பிக்க இன்னும் சில நாட்கள்தான். "நீங்களே போயிட்டு வாங்க. கேடயத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஒரு பெண் பிள்ளையின் வீட்டுக்கு நான் தனியாகப் போவது சரியில்லை என்று ஸ்டெல்லாவையும், அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். பஸ்ஸில் கேடயத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "சாமி படமுங்களா?" என்று கேட்டு, கும்பிடத் தயாரானார். ஸ்டெல்லா, "ஆமாங்கண்ணா, பந்துச்சாமி" என்றாள். அவள் அம்மா அவள் தொடையில் கிள்ளினார். நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. அதற்குள் எங்காவது கல்யாணம் பேசி முடித்திருந்தால் என்ன செய்வது என்பதே நினைப்பு.

அண்ணாமலை சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வீட்டுக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பூங்கொடி கதவுப் பக்கம் நின்றாள். கட்டுப் பிரித்த கை இன்னொரு கையைவிட மெலிந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பயத்தில் இரண்டு தடவை சொன்னேன். பூங்கொடி நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணாமலை கேடயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகுப் பக்கத்து மரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பந்தாடினதுக்குங்களா, படிச்சதுக்குங்களா?"

"ரெண்டுக்குமுங்க."

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதானுங்களா?"

நான் விதியை விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்: "வாத்தியாரு ஒண்ணுதான் கொண்டாந்திருக்கறாரு கண்ணு. பாக்கி ஒண்ண நீயே போயி வாங்கிட்டு வந்துரு."

பிறகு அவர் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது.

"ஏனுங்க, அந்தப் படிப்புக்கு எத்தனை பஸ் மாறிப் போகோணும்? ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தனை புள்ளைங்க? சாமச் சோறு கிடைக்குமுங்களா? ராத்திரிக்குக் கதவைப் பூட்டறது ஆரு, ஆம்பளையா பொம்பளையா? காச்சல் கீச்சல் வந்தா நமக்குச் சொல்லி அனுப்புவாங்களா?"

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சாமைச் சோறு கிடைக்காது, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஜூனிலிருந்தே அதையெல்லாம் நினைத்துக் கவலைப்பட்டு, ஒன்று விடாமல் விசாரித்து வைத்திருந்தேன்.